முதலில் எடுத்த சிரிப்பு

ஜோக்கே இல்லாமல், பக்கத்தில் ஆள் நின்று உத்தரவு போட்டு நான் சிரித்தது என் நாற்பத்தொரு வருடத்தில் அன்று ஒரு நாள்தான். மதுரையில் திருநகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பொங்கலுக்குப் போடப்போகிற பட்டிமன்றத்தை டிசம்பரிலேயே படம் பிடிக்க வந்திருந்தார்கள். மேடையில் இன்னும் ஒருவரும் ஏறவில்லை. அதற்குள் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் எங்கள் முன்னால் வந்து, "எல்லாரும் நல்லா சிரிங்க பாப்போம்" என்றாள்.

"ஜோக்கு எங்கம்மா?" என்று என் அப்பா கேட்டார்.

"அது அப்புறம் வரும் ஐயா. சிரிப்பை மொதல்ல எடுத்துக்குவோம். வேணுங்கற எடத்துல சேத்துக்குவாங்க."

கேமரா வரிசையாக வந்தது. பேச்சாளரின் வீட்டுக்காரர், மாமனார் என்று எங்களை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். நான் சிரித்தேன். அப்பாவும் மிச்சமிருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தார். பிறகு கைதட்டச் சொன்னார்கள், தலையாட்டச் சொன்னார்கள், யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் கடைசி மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. புதன்கிழமையிலிருந்து எனக்கு அந்த முகம்தான்.

கப்பலூரில் நான் வேலை பார்க்கிற கம்பெனி கார்களுக்கு ரப்பர் சாமான் செய்கிறது. பதினாறு வருடமாக பிரஸ் செக்‌ஷன், அதில் ஆறு வருடம் சூப்பர்வைசர். எங்களிடம் சரக்கெடுக்கிற கார் கம்பெனி ஆந்திராவில், அனந்தபூர் பக்கம் இருக்கிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஆர்டர், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அரசாங்கம் இடம் தருகிறேன் என்றது, கரண்டில் சலுகை என்றது. இந்த அரசாங்கமும் என்னென்னவோ சொல்லிப் பார்த்ததாம். துணிக்கடை வாசலில் நின்று ஒரே ஆளின் கையை இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுபோல இழுத்ததில், எங்கள் மெஷின் ஏழும் அந்தப் பக்கம் போய் விழுந்தன.

"மெஷினோட நீங்களும் போனாத்தான் சார் லைன் ஓடும்" என்றார் ஹெச்.ஆர். மீனா மேடம். "ஜனவரி ரெண்டு அங்க ஜாயின் பண்ணணும். முடியாதுன்னா இங்க ரிலீவ் ஆயிக்கங்க."

யோசிக்கப் பத்து நாள் கொடுத்தார்கள். நாற்பத்தொரு வயது ரப்பர் சூப்பர்வைசரை மதுரையில் யாராவது எடுப்பார்களா என்று நான்கு இடத்தில் போய் விசாரித்தேன். நான்கு இடத்திலும் டீ கொடுத்தார்கள். பத்தாவது நாள், புதன்கிழமை, கையெழுத்துப் போட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஏன் விடவில்லை என்று சொல்ல வேண்டுமானால் என் மனைவி தமிழ்வாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் எடுக்கிற கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி, மே மாதம் சம்பளம் கிடையாது. கோயில் திருவிழா, சங்க ஆண்டுவிழா என்று எட்டு வருடமாகப் பட்டிமன்றம் பேசுகிறாள். அருமையாகப் பேசுவாள், அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் பட்டிமன்றம் பேசுகிற பெண்ணுக்குப் புருஷன்தான் மூலப்பொருள். தேனியில் நான் செவிடன். அருப்புக்கோட்டையில் சேலைக்கடை வாசலில் மயங்கி விழுந்தவன். மேலூரில் வெந்நீர் வைக்கப் போய்ப் பாத்திரத்தைத் தீய்த்தவன். இதில் ஒன்றுகூட நடந்ததில்லை. "எல்லாம் பேச்சுக்குத்தாங்க" என்பாள். எனக்கும் பழகிவிட்டது.

டிவி அவளுக்கு இதுதான் முதல் தடவை. தலைப்பு, 'இளைஞருக்கு வாழ்வளிப்பது சொந்த மாநிலமே! அண்டை மாநிலமே!' அவள் சொந்த மாநில அணி. ஒரு மாதமாக வீட்டில் புள்ளிவிவரம்தான் குழம்பு, புள்ளிவிவரம்தான் ரசம். கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "இந்தியாவுலயே அதிக ஃபாக்டரி எந்த ஸ்டேட்ல இருக்கு, சொல்லுங்க பாப்போம்?" என்கிறாள்.

"நம்ம ஸ்டேட்லதான்."

"ஃபாக்டரி வேலைக்குப் போற பொம்பளைங்க?"

"அதுவும் நம்மகிட்டதான் அதிகம்."

"நீங்களே மேடையேறலாம் போலருக்கே!" என்று சிரித்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்ன கணக்கெல்லாம் சரியான கணக்கு, அதுதான் எனக்கு எரிச்சல். அத்தனை ஃபாக்டரி இருக்கிற மாநிலத்தில் எனக்கென்று ஒன்று இல்லாமல் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு காரணம் அப்பா. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் ஆண்டிச்சாமி என்று கேட்டால் ஆள் காட்டமாட்டார்கள், முறுக்குக்கார ஆண்டிச்சாமி என்று கேட்க வேண்டும். எங்களுடையது மானாவாரிப் பூமி. மழை ஏமாற்றுகிற வருடங்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் வெளிமாநிலங்களுக்கு முறுக்குப் போடப் போவார்கள். அப்பாவும் பதினெட்டு வருடம் போனார். ஆந்திரா, மகாராஷ்டிரா, நடுவில் கொஞ்ச நாள் குஜராத். ஒரு மாநிலம் செழிப்பாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு அவரிடம் ஒரே அளவுகோல்தான். "சனங்களுக்கு வேலவெட்டி இருந்தா சாயங்காலத்துக்குள்ள முறுக்கு தீந்துரும். இல்லேன்னா டப்பாவுல கெடந்து நமத்துப்போகும்" என்பார். என் சின்ன வயதில் வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருகிற ஆள் அவர். என்னை அப்படி அலையவிடக் கூடாது என்று ஐடிஐ படிக்கவைத்தார். கப்பலூரில் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அவருக்கு ஊரில் ஒரே பேச்சுதான். "எம்மகன் உள்ளூர்ச் சோறு திங்கிறான்." மருமகள் டிவியில் பேசுகிறாள் என்றதும் வேன் பிடித்து முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அன்று காலை மண்டபத்துக்கு வருகிற வழியில், ஸ்கூட்டரின் பின்னாலிருந்து தமிழ்வாணி சொன்னாள்: "நடுவுல உங்கள எந்திரிக்கச் சொல்லுவேன். பக்கத்து மாநிலத்துக்காரன் கூப்புட்டாப் போவீங்களான்னு நடுவர் கேப்பாரு. மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். அவர்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

சரி என்றேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. நடுவர் புலவர் நல்லகாமன் நடுவில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். எதிரணிக்கு அசோக்குமார் என்று ஒரு வங்கி அதிகாரி. எழுந்ததுமே சூடுபிடித்துவிட்டார்.

"நடுவர் அவர்களே! ஞாயித்துக்கெழம சாயங்காலம் மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பாருங்க. பெங்களூர் பஸ்ஸு, ஐதராபாத் பஸ்ஸு, அம்புட்டும் ஃபுல்லு. ஏறுறவன் பூராம் நம்ம வீட்டுப் பிள்ளை. கர்நாடகாவுலருந்து இங்க வேலைக்கு வந்து எறங்குற பையன் ஒருத்தன, ஒரே ஒருத்தனக் காட்டுங்க, நான் இப்பவே மேடையை விட்டு எறங்கிர்றேன்!"

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. நானும் தட்டியிருப்பேன். அதற்குள் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மீனா மேடம் அனுப்பிய செய்தி. 'அனந்தபூரில் ரூம் ஒதுக்கணும் சார். குடும்பத்தோடவா, தனியாவா? பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்க.' மணி பதினொன்று பத்து. போனை உள்ளே போட்டேன், மறுபடி எடுத்தேன், மறுபடி போட்டேன். எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது. அப்பா என் முட்டியில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா இருடா, நாற்காலி ஆடுது" என்றார்.

தமிழ்வாணி எழுந்தாள். மாம்பழக் கலர்ப் பட்டு, முகத்தில் டிவிக்காரர்கள் பூசிய பவுடர். யாரோ போல இருந்தாள். வாயைத் திறந்ததும் என் வாணிதான்.

"அண்ணன் பஸ் ஸ்டாண்டை மட்டும் பாத்துட்டு வந்துட்டாரு நடுவர் அவர்களே. அப்படியே ரயில்வே ஸ்டேஷன் பக்கமும் போயிருக்கலாம். பீகார்லருந்து, ஒடிசாவுலருந்து மூட்டையத் தூக்கிக்கிட்டு எறங்குறாங்களே, வேலை இல்லாத ஊருக்கா வாராங்க? அண்ணன் வீட்டுக்குக் காம்பவுண்ட் சுவரு கட்டுனது யாரு, கேட்டுச் சொல்லச் சொல்லுங்க!"

அசோக்குமாரே சிரித்துவிட்டார். அப்பா கைதட்டிக்கொண்டே பின்னால் திரும்பி ஊர்க்காரர்களைப் பார்த்தார். அவளுக்கு ஏறுமுகம். ஃபாக்டரிக் கணக்கு வந்தது, பெண்கள் கணக்கு வந்தது. எனக்குத் தெரியும், அடுத்து நான்தான்.

"கணக்கெல்லாம் எதுக்குங்க? சாட்சியே கூட்டியாந்திருக்கேன். என் வீட்டுக்காரர் ராஜபாண்டி. வீட்டுல தண்ணி மோந்து குடிக்கணும்னாக்கூட நாலு தடவ யோசிக்கிற மனுசன், பதினாறு வருசமாக் காலையில ஏழு மணிக்கு டாண்ணு கெளம்பிருவாரு. எங்க? ஆறு கிலோமீட்டர் தள்ளி, கப்பலூருக்கு! ஏங்க, எந்திரிங்க!"

எழுந்து நின்றேன். ஹெட்போன் பெண் ஓடிவந்து என் கையில் மைக்கைக் கொடுத்தாள். நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, ஒங்கள நாளைக்கே பக்கத்து மாநிலத்துக்காரன் கூப்புட்டாப் போவீங்களா?" என்று கேட்டார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்தபடியே நடுவரைப் பார்த்து, மைக் இல்லாமலே மண்டபம் கேட்கிற மாதிரி, "எம்மகனா? எங்கயும் போகமாட்டான்யா!" என்று கத்தினார். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு மேல் ஒரு பொய்யைத் தூக்கி வைக்க என்னிடம் தெம்பு இல்லை.

"கூப்புட்டாங்க" என்றேன். "கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டாந்தேதி ஆந்திரா போறேன்."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. பட்டிமன்றத்தில் புருஷன் எழுந்து பேசினால் அது தமாஷ்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். "ஆகா! எதிரணித் தலைவர் வீட்டுக்குள்ளயே இருக்காரேம்மா!" என்று நடுவர் மேசையைத் தட்டினார்.

தமிழ்வாணி மேடையின் விளிம்புக்கு வந்தாள். விளக்கு கண்ணில் அடித்தது போலும், கையை நெற்றியில் வைத்து என்னைத் தேடினாள். அவள் மட்டும் இதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. என் குரல் அவளுக்குத் தெரியும்.

"எப்பங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"புதன்கெழம."

"அன்னைக்கு சாயங்காலந்தான எங்கிட்ட, ஃபாக்டரி நம்மகிட்டதான் அதிகம்னீங்க?"

இதற்குத்தான் அன்றைய நிகழ்ச்சியிலேயே பெரிய சிரிப்பு. அடங்கவே இல்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்வாணி திரும்பிப் போய், மிச்சமிருந்த புள்ளிவிவரத்தைத் தாளைப் பார்த்து வரிசையாகப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். தாளைப் பார்த்துப் பேசி நான் அவளைக் கண்டதே கிடையாது. தீர்ப்பு சொந்த மாநிலத்துக்குத்தான். பொங்கலன்று வேறு தீர்ப்புச் சொல்ல முடியுமா?

பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மீனா மேடத்துக்குத் 'தனியா' என்று அனுப்பினேன்.

அப்பா சாப்பிடாமல் வேனில் ஏறிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ்வாணிக்குக் கோபம் வந்தால் ஒன்றரை மணி நேரம் பேசுவாள், அதை நான் சமாளித்துக்கொள்வேன். அன்று வீடு வரைக்கும் பேசவில்லை. வாசலில் இறங்கியதும், "மேடையில சொல்லத் தெரிஞ்சவருக்கு அடுப்படியில சொல்லத் தெரியலயே" என்றாள். அதோடு சரி. பிறகு வந்த நாட்களில் என் சட்டைகளை மடித்துவைத்தாள், பெட்டி வாங்கிவந்தாள், எனக்கும் அவளுக்கும் நடுவில் எங்கள் மகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதி பஸ் ஏறினேன்.

அனந்தபூரில் ரூமுக்கு மூன்று பேர். அதே மெஷின், அதே ரப்பர் வாடை, கூப்பிட்டுப் பேசத்தான் ஆள் இல்லை. சங்கராந்திக்கு அங்கே நான்கு நாள் லீவு விட்டார்கள், அது ஒன்று நல்லது. பொங்கலுக்கு நேராக ஊருக்கு வந்தேன். வாணியும் மகளும் முன்னாலேயே வந்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பொங்கலன்று பதினோரு மணிக்கு எங்கள் வீட்டு டிவி முன்னால் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. அசோக்குமார் பேசினார், வாணி பேசினாள், நான் எழுந்தேன். "ரெண்டாந்தேதி ஆந்திரா போறேன்" என்றேன். வாணி நெற்றியில் கைவைத்து, "எப்பங்க கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டாள். அந்த இடத்தில் டிவியில் என் முகம் வந்தது. திரை முழுக்க நான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கேமரா நகர்ந்தது, அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். நின்று பேசிய ஆள் மறு விநாடி உட்கார்ந்து சிரிக்கிறானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தெருவே சிரித்தது. என் தங்கை பாண்டிச்செல்வி, "அண்ணே, என்னமா நடிச்சிருக்க!" என்று முதுகில் அடித்தாள்.

வாணி டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் கேட்டாள். "நான் அப்படிக் கேக்குறப்ப நீங்க சிரிச்சீங்களா?"

"இல்ல வாணி. அது மொதல்ல எடுத்தது. நீ உள்ள மேக்கப் போட்டுக்கிட்டு இருந்தப்ப, எல்லாரையும் சும்மாவே சிரிக்கச் சொல்லி எடுத்தாங்க."

"வெளக்கு வெளிச்சத்துல எனக்கு உங்க மூஞ்சி தெரியல. இம்புட்டு நாளும், இவரு அங்க நொந்துபோய் நின்டிருப்பாருன்னு நானா நெனச்சு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "சிரிச்சிருக்கீங்க."

"சத்தியமாச் சொல்றேன், சிரிக்கல."

"ஃபாக்டரி நம்மகிட்டதான் அதிகம்னு சொன்ன மாதிரியா?"

இனி என் வாயால் எதைச் சொன்னாலும் செல்லாது என்று புரிந்தது. பதினாறு வருட வேலை போனபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை.

அப்பா கரும்பை வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாளைக் கீழே வைத்தார்.

"தாயி" என்று வாணியைக் கூப்பிட்டார். "அவன் சிரிக்கல. நான் பக்கத்துலதான இருந்தேன். மைக்கப் பிடிச்ச கை வெடவெடன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் படத்துல நானுந்தான் சிரிக்கிறேன். எம்மகன் ஊர விட்டுப் போறேங்கறப்ப நான் சிரிப்பேனா?"

வாணி அவர் பக்கம் திரும்பினாள்.

"முறுக்குப் போட ஏலூருக்கு நான் மொதமொதல்ல போனப்ப ஒங்கத்தைகிட்டச் சொல்லவே இல்ல. சொன்னா அழுவாளேன்னு, சந்தைக்குப் போறேன்னுட்டுப் போயிட்டேன்."

"பதினோரு நா கழிச்சு லெட்டர் வந்துச்சு" என்று அடுப்படியிலிருந்து அம்மா சோணையம்மாளின் குரல் வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கோபம் கொஞ்சமும் ஆறாமல் இருந்தது.

"இவன் முன்னூறு பேரு முன்னாடியாவது சொன்னான்" என்று அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார். "அங்க முறுக்கு எப்படி விக்கிது?"

"சாயங்காலத்துக்குள்ள தீந்துருதுப்பா."

"ம்" என்றார்.

வாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அங்க கம்பெனில ரூம் குடுத்திருக்காங்களே, குடும்பத்தோடன்னு கேட்டீங்களா?"

"தனியான்னு சொல்லிட்டேன்."

"ஏப்ரல்ல பிள்ளைக்குப் பரீட்ச முடியுது. மே மாசம் எனக்குக் காலேஜும் கெடையாது, சம்பளமும் கெடையாது. ஒரு மாசம் வந்து பாக்குறோம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். "மாத்திக் கேட்டாக் குடுப்பாங்களா?"

பொங்கல் லீவு என்றும் பார்க்காமல் மீனா மேடத்துக்குப் போன் போட்டேன்.